இரண்டு எக்ஸ் இருந்தால் இரண்டு மடங்கா? – ஒரு இரத்தப் புரதத்தின் கதை

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். இரண்டு மார்க் கேள்வியாக எழுதிவிட்டு மறந்தும் போயிருப்போம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதை அவிழ்க்க விஞ்ஞானிகளுக்குப் பல வருடங்கள் பிடித்தன. கடைசியில் அவிழ்த்ததில் பெரும் பங்கு ஒரு சொட்டு இரத்தத்துக்கும், அதில் இருந்த ஒரு புரதத்துக்கும் உண்டு.

சிக்கல் இதுதான். எக்ஸ் குரோமோசோம் ஆணா பெண்ணா என்பதோடு நின்றுவிடுவதில்லை. சுமார் 800 புரதங்களைச் செய்வதற்கான மரபணுக்கள் அதில் இருக்கின்றன. இரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி அதில் ஒன்று (இது இல்லாவிட்டால் வருவதுதான் ஹீமோஃபிலியா). சிவப்பணுவுக்குள் வேலை செய்யும் ஜி6பிடி என்ற நொதி இன்னொன்று. பெண்ணிடம் இந்த மரபணுக்கள் இரண்டு படி, ஆணிடம் ஒரு படி. அப்படியானால் பெண்ணின் இரத்தத்தில் இந்தப் புரதங்கள் இரண்டு மடங்கு இருக்க வேண்டுமே?

இல்லை! அளந்து பார்த்தால் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஒரு வீட்டில் ஒரு அடுப்பு, பக்கத்து வீட்டில் இரண்டு அடுப்பு. ஆனால் தினமும் இரண்டு வீட்டிலும் சரியாக அதே எண்ணிக்கையில்தான் இட்லி வேகிறது. எப்படி?

ஈக்கள் சொன்ன பதில்

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் மனிதனைப் பார்த்துக் கேட்கவில்லை. பழ ஈக்களைப் பார்த்துக் கேட்டார்கள். ஹெர்மன் முல்லர் என்ற அமெரிக்க மரபியலாளர் 1930-களில் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். தமிழில் சொன்னால் 'அளவு ஈடுகட்டல்'. ஈக்களில் பெண் ஈ எதையும் குறைப்பதில்லை, ஆண் ஈயின் ஒற்றை எக்ஸ் இரண்டு மடங்கு உழைத்து ஈடுகட்டுகிறது என்று பின்னால் தெரிய வந்தது. ஒற்றை அடுப்பு வீட்டில் தீயைக் கூட்டி எரிக்கிறார்கள்!

மனிதனிலும் அப்படித்தானா? அதைச் சோதிக்க வேண்டுமானால் எக்ஸ் எண்ணிக்கை வேறுபட்ட மனிதர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எப்போதும் நம்மிடையே இருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டர்னர், கிளைன்ஃபெல்ட்டர்

1938-ல் ஹென்றி டர்னர் என்ற ஓக்லஹோமா மருத்துவர் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். குட்டையான உருவம், பக்கவாட்டில் அகன்ற கழுத்து, பருவம் அடையாத உடல். 1942-ல் பாஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்ட்டரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார்கள். சிறிய விதைகள், விந்தணு உற்பத்தி இல்லை, மார்பு வளர்ச்சி. இரண்டு கட்டுரைகளிலும் குரோமோசோம் என்ற பேச்சே இல்லை. ஹார்மோன் கோளாறு என்றுதான் நினைத்தார்கள்.

1949-ல் கனடாவில் ஒரு திருப்பம். மர்ரே பார் என்பவரும் அவருடைய மாணவர் பெர்ட்ராமும் பூனையின் நரம்பணுக்களை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். சில பூனைகளின் அணுக்கருவில் ஒரு சின்னக் கரும்புள்ளி தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் புள்ளி இருந்தவை எல்லாம் பெண் பூனைகள்! அந்தப் புள்ளிக்கு இன்று 'பார் உடலம்' என்று பெயர்.

பெண்ணின் உயிரணுவில் புள்ளி உண்டு, ஆணின் உயிரணுவில் கிடையாது. சுலபமான சோதனையாகப் போயிற்று. உடனே டாக்டர்கள் டர்னர் பெண்களையும் கிளைன்ஃபெல்ட்டர் ஆண்களையும் சோதித்தார்கள். முடிவு தலைகீழாக வந்தது. 1954-ல் லண்டனில் பால் பொலானி குழுவினர் பார்த்தபோது டர்னர் பெண்களில் பெரும்பாலோருக்குப் புள்ளி இல்லை. சில வருடங்களில் கிளைன்ஃபெல்ட்டர் ஆண்கள் பலருக்குப் புள்ளி இருப்பது தெரிந்தது.

மனிதனுக்கு குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்பதே 1956-ல்தான் உறுதியானது. அதன் பிறகு விஷயம் வேகமெடுத்தது. 1959 ஒரே வருடத்தில் மூன்று கண்டுபிடிப்புகள். கிளைன்ஃபெல்ட்டர் ஆணுக்கு எக்ஸ்-எக்ஸ்-ஒய். டர்னர் பெண்ணுக்கு ஒரே ஒரு எக்ஸ். மூன்று எக்ஸ் உள்ள பெண்களும் இருக்கிறார்கள். முதலாவதையும் மூன்றாவதையும் கண்டுபிடித்த எடின்பரோ குழுக்கள் இரண்டிலும் முன்னணியில் இருந்தவர் பட்ரீஷியா ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண்.

இப்போது கரும்புள்ளிகளையும் சேர்த்து எண்ணினார்கள். ஒரு எக்ஸ் என்றால் புள்ளி இல்லை. இரண்டு எக்ஸ் என்றால் ஒரு புள்ளி. மூன்று என்றால் இரண்டு. எப்போதும் எக்ஸ் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. அதே 1959-ல் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி கலிஃபோர்னியாவில் இன்னொன்றைச் சொன்னார். அந்தக் கரும்புள்ளி வேறொன்றுமில்லை, சுருண்டு இறுகிப்போன ஒரு முழு எக்ஸ் குரோமோசோம்தான்.

சுருண்டு கிடக்கிற குரோமோசோம் வேலை செய்யுமா, செய்யாதா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அது செய்யும் புரதத்தை அளந்தால்தான் தெரியும். அளப்பதற்கு வசதியான புரதம் வேண்டும். அது கிடைத்த இடம் ஒரு சிறைச்சாலை.

சிறையில் கிடைத்த நொதி

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்க வீரர்களை மலேரியா வாட்டியது. புது மருந்துகளைச் சோதிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். சிகாகோ பல்கலைக்கழகமும் ராணுவமும் சேர்ந்து இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் 1940-களின் நடுவில் ஒரு சோதனைக்கூடத்தைத் தொடங்கின. கைதிகளுக்கு வேண்டுமென்றே மலேரியா ஏற்றி, மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கைதிகள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்பது உண்மை. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்ற கேள்வியும் உண்மை.

பிரைமாகுயின் என்ற மருந்து அங்கே சோதிக்கப்பட்டபோது விநோதமான ஒன்று நடந்தது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. சில கறுப்பினக் கைதிகளுக்கு மட்டும் சிவப்பணுக்கள் உடைந்தன, சிறுநீர் கறுத்தது. காரணம் தேடியவர்களில் ஒருவர் எர்னெஸ்ட் பியூட்லர். பெர்லினில் 1928-ல் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்குப் பயந்து ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். கோளாறு மருந்திலோ உடலின் மற்ற இடத்திலோ இல்லை, அந்தச் சிவப்பணுக்களுக்குள்ளேயே இருக்கிறது என்று இந்தக் குழு காட்டியது. 1956-ல் அதே சிகாகோ குழுவினர் குற்றவாளியைப் பெயரோடு பிடித்தார்கள். ஜி6பிடி நொதி குறைவு!

சிவப்பணுவை ஆக்சிஜன் தாக்குதலிலிருந்து காக்கும் காவலாளி இந்த நொதி. இது குறைவாக உள்ளவர்கள் சாதாரண நாளில் நன்றாகவே இருப்பார்கள். சில மருந்துகள், ஃபாவா என்ற ஒருவகை மொச்சை, துணி அலமாரியில் போடும் நாப்தலீன் உருண்டை... இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே போனால்தான் ஆபத்து. உலகம் முழுவதும் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறை இருப்பதாகக் கணக்கு.

1958-ல் பால்டிமோரில் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது என்று காட்டினார்கள். ஆக, எக்ஸ் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. அதுவும் ஒரு ஊசி இரத்தத்தில்!

எலியின் தோலும் பெண்ணின் இரத்தமும்

1961-ல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் மேரி லயன் என்ற பெண் விஞ்ஞானி எலிகளின் ரோம நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். (லயன் கேம்பிரிட்ஜில் படித்த 1940-களில் அங்கே பெண்களுக்கு முழுமையான பட்டம் தரமாட்டார்கள், பெயரளவுப் பட்டம்தான்.) நிற மரபணு எக்ஸில் இருந்தால் பெண் எலிகள் திட்டுத் திட்டாக இரண்டு நிறத்தில் இருந்தன. ஆண் எலிகள் அப்படி இல்லை. நம் தெருவில் திரியும் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த பூனையும் இதே கதைதான். அது அநேகமாக எப்போதும் பெண் பூனையாகவே இருக்கும்.

லயன் சொன்ன விளக்கம் இது. பெண்ணின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று கரு வளரும் ஆரம்ப நாட்களிலேயே அணைக்கப்படுகிறது. எது அணையும் என்பது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. ஒரு அணுவில் அப்பா தந்த எக்ஸ், பக்கத்து அணுவில் அம்மா தந்த எக்ஸ். ஒருமுறை அணைந்தால் அந்த அணுவின் வாரிசுகளிலும் அதே எக்ஸ்தான் அணைந்திருக்கும். 'நேச்சர்' இதழில் சின்னக் கட்டுரையாகத்தான் வந்தது. ஆனால் அதன் அர்த்தம் பெரியது. ஒவ்வொரு பெண்ணின் உடலும் இரண்டு வகை அணுக்கள் கலந்த ஒட்டுத்துணி வேலை!

ஏறக்குறைய அதே நேரத்தில் பியூட்லரும் இதே முடிவுக்குத் தனியாக வந்துகொண்டிருந்தார். அப்போது அவர் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தில் இருந்தார். ஓனோ இருந்ததும் அங்கேதான். பியூட்லரிடம் எலி இல்லை, ஜி6பிடி இருந்தது.

சோதனையின் தர்க்கம் அழகானது. ஒரு பெண்ணுக்கு ஒரு எக்ஸில் நல்ல ஜி6பிடி மரபணு, இன்னொன்றில் குறைபாடுள்ளது. அவள் இரத்தத்தில் நொதி மொத்தத்தில் பாதி அளவு இருக்கும். ஆனால் அந்தப் பாதி எப்படி வந்தது? எல்லாச் சிவப்பணுவிலும் பாதிப் பாதியாகவா? அல்லது பாதி அணுக்களில் முழுதாகவும் மீதி அணுக்களில் குறைவாகவுமா? வகுப்பின் சராசரி 50 மார்க் என்றால் எல்லோரும் 50 வாங்கினார்களா, பாதிப் பேர் சதம் அடித்து மீதிப் பேர் முட்டை வாங்கினார்களா என்று கேட்பது போல. சராசரி சொல்லாது, விடைத்தாள்களைப் பார்க்க வேண்டும். 1962 ஜனவரியில் பியூட்லரும் யே, ஃபேர்பேங்க்ஸ் என்ற இருவரும் வெளியிட்ட கட்டுரை விடையைச் சொன்னது. அந்தப் பெண்களின் இரத்தத்தில் இரண்டு வகைச் சிவப்பணுக்கள் கலந்திருந்தன. மனிதரிலும் லயன் சொன்னது சரி.

மூன்று எக்ஸ், ஒரே அளவு

அப்படியானால் கூடுதலாக எக்ஸ் உள்ளவர்களிடம் என்ன நடக்க வேண்டும்? ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அணைந்திருக்க வேண்டும். நொதியின் அளவு ஏறக் கூடாது.

1962-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மெல்வின் கிரம்பாக், பால் மார்க்ஸ், அகிரா மோரிஷிமா மூவரும் இதையே அளந்து 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். கூடுதல் எக்ஸ் உள்ளவர்களின் சிவப்பணுக்களில் ஜி6பிடி அளவு. எக்ஸ் எண்ணிக்கை கூடினாலும் நொதி கூடவில்லை! ஒரு எக்ஸ் உள்ள ஆணுக்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

மனித உடல் ஈயைப் போல ஒற்றை அடுப்பில் தீயைக் கூட்டுவதில்லை. எத்தனை அடுப்பு இருந்தாலும் ஒன்றைத் தவிர மற்றவற்றை அணைத்துவிடுகிறது. இதைச் சொன்னது, 'இயல்பற்றவர்கள்' என்று பட்டியலிடப்பட்டவர்களின் இரத்தம்.

1963-ல் பால்டிமோரில் டேவிட்சன், நிடோவ்ஸ்கி, சைல்ட்ஸ் மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள். ஜி6பிடியில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. மின்புலத்தில் வைத்தால் வெவ்வேறு வேகத்தில் நகரும். இரண்டு வகையும் உள்ள பெண்ணின் தோல் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனியே வளர்த்தார்கள். ஒரு அணுவிலிருந்து வளர்ந்த கூட்டத்தில் ஏ மட்டும் இருந்தது, அல்லது பி மட்டும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வரவில்லை. கண்முன்னே நிரூபணம்.

இந்த வித்தை புற்றுநோய்க்கும் உதவியது. 1965-ல் சியாட்டிலில் லிண்டரும் கார்ட்லரும் கர்ப்பப்பைக் கட்டிகளை இதே போல் சோதித்தார்கள். ஒவ்வொரு கட்டியிலும் ஒரே வகை நொதிதான். அதாவது ஒரு கட்டி முழுவதும் ஒரே ஒரு அணுவிலிருந்து பெருகி வந்தது. மலேரியா மருந்தில் தொடங்கிய கதை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

பிறகு ஏன் டர்னர்?

இங்கே புத்திசாலி வாசகர் ஒரு கேள்வி கேட்பார். எல்லோரிடமும் ஒரே ஒரு எக்ஸ்தான் வேலை செய்கிறது என்றால், ஒரே எக்ஸோடு பிறந்த டர்னர் பெண்ணுக்கு மட்டும் ஏன் பிரச்சினை? கிளைன்ஃபெல்ட்டர் ஆணுக்கு உபரி எக்ஸ் அணைந்துதானே கிடக்கிறது?

இதற்கான தடயமும் இரத்தத்திலேயே இருந்தது. அதே 1962-ல் லண்டனில் ராபர்ட் ரேஸ், ரூத் சேங்கர் தம்பதி இருந்த குழு எக்ஸ்ஜி என்ற புது இரத்த வகையை அறிவித்தது. சிவப்பணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் ஊரில் பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியிடம் இதற்கு எதிரான எதிர்ப்பொருள் கிடைத்தது. பெயரில் எக்ஸ் என்பது குரோமோசோம், ஜி என்பது அந்த ஊர். வட ஐரோப்பியர்களில் பெண்களில் சுமார் 89 சதவீதம் பேருக்கும் ஆண்களில் சுமார் 66 சதவீதம் பேருக்கும் இந்தப் புரதம் இருக்கிறது. மரபணு எக்ஸில் இருந்தால் வர வேண்டிய விகிதம் அதுதான்.

லயன் சொன்னபடி, ஒரு எக்ஸில் மட்டும் இந்த மரபணு உள்ள பெண்ணின் சிவப்பணுக்களில் ஒரு பகுதிக்குப் புரதம் இருக்க வேண்டும், மீதிக்கு இருக்கக் கூடாது. ஆனால் அப்படி இரண்டு வகை அணுக்களைக் காண முடியவில்லை. எல்லாவற்றிலும் இருந்தது. அதாவது இந்த மரபணு அணைவதிலிருந்து தப்பித்துவிடுகிறது!

தப்பிப்பது இது ஒன்று மட்டுமல்ல என்று போகப் போகத் தெரிந்தது. 2005-ல் லாரா கேரல், ஹண்டிங்டன் வில்லார்ட் இருவரும் கணக்கெடுத்தபோது அணைந்த எக்ஸிலும் சுமார் 15 சதவீத மரபணுக்கள் வேலை செய்துகொண்டிருந்தன. அடுப்பை அணைத்தாலும் ஒரு ஓரத்தில் கங்கு கனன்றுகொண்டே இருக்கிறது. இந்தக் கங்குதான் டர்னருக்கும் கிளைன்ஃபெல்ட்டருக்கும் பெரிய காரணம். உதாரணமாக, எலும்பு வளர்ச்சிக்கு உதவும் ஷாக்ஸ் என்ற மரபணு எக்ஸிலும் உண்டு, ஒய்யிலும் உண்டு, அணைவதும் இல்லை. எனவே மற்ற எல்லோருக்கும் இரண்டு படி. டர்னர் பெண்ணுக்கு ஒன்றுதான். அந்தக் குட்டை உருவத்துக்கு முக்கியக் காரணம் இது.

நோய் எதிர்ப்புப் புரதங்களும் இதே கதையைச் சொல்கின்றன. ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் ஆண்களைவிடப் பெண்களின் இரத்தத்தில் சராசரியாக அதிகம். அந்த அளவுக்கும் எக்ஸ் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டு என்று 1969-லேயே 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' கட்டுரை ஒன்று வாதிட்டது. இத்தனைக்கும் ஐஜிஎம்முக்கான மரபணுக்கள் எக்ஸில் இல்லை. அதைக் கட்டுப்படுத்தும் சில மரபணுக்கள்தான் எக்ஸில் இருக்கின்றன. லூபஸ் என்ற நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். 2008-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, லூபஸ் வந்த ஆண்களில் கிளைன்ஃபெல்ட்டர் உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பதினான்கு மடங்கு அதிகம் என்றது. ஆணாகவே வாழ்ந்தாலும் இரண்டாவது எக்ஸ் தன் கணக்கை எழுதுகிறது.

பெயர் வைத்தவர்களும் பெயர் சுமந்தவர்களும்

1959-ல் மூன்று எக்ஸ் பெண்ணைப் பற்றிய கட்டுரை அவளை 'சூப்பர் ஃபீமேல்' என்றது. ஈ ஆராய்ச்சியிலிருந்து கடன் வாங்கிய சொல். ஒரு எக்ஸ் கூடினால் பெண்மை ஒரு படி கூடும் என்ற எண்ணம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ஒய் பக்கத்திலும் இதே கதை. 1965-ல் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் பாதுகாப்பு மருத்துவமனையில் இருந்தவர்களிடையே எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் அதிகம் என்று ஜேக்கப்ஸ் குழு எழுதியது. பத்திரிகைகள் 'கொலைகாரக் குரோமோசோம்' கதையைக் கட்டிவிட்டன. சிகாகோவில் 1966-ல் எட்டு இளம் செவிலியர்களைக் கொன்றவனுக்கும் எக்ஸ்-ஒய்-ஒய்தான் என்று செய்தி பரவியது. சோதித்தால் அவன் சாதாரண எக்ஸ்-ஒய்! 1976-ல் டென்மார்க்கில் 4,000-க்கும் மேற்பட்ட உயரமான ஆண்களைச் சோதித்த ஆய்வு, எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் வன்முறையாளர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அதற்குள் பெயர் கெட்டுப்போயிருந்தது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்கள் கதை கட்டினார்கள். புரதத்தை அளந்தவர்களுக்கு எண்ணிக்கையும் அளவும் ஒன்றல்ல என்று தெரிந்தது. மூன்று எக்ஸ் உள்ளவர்கள் ஆயிரம் பெண்களில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு மூன்று எக்ஸ் என்று கடைசிவரை தெரியாது. படித்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். ஜி6பிடி அளவு ஏறாததும் இவர்கள் வாழ்க்கை பெரும்பாலும் இயல்பாக ஓடுவதும் ஒரே காரணத்தால்தான்.

இது பழைய கதை மட்டுமல்ல. 2011-க்குப் பிறகு கர்ப்பிணியின் இரத்தத்தை மட்டும் எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைப் பற்றிச் சொல்லும் சோதனைகள் சந்தைக்கு வந்துவிட்டன. எக்ஸ் எத்தனை என்பதும் இந்த அறிக்கையில் வரலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் பெற்றோருக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். அந்த எண்ணில் எவ்வளவு அணைந்து கிடக்கிறது, எவ்வளவு கனன்றுகொண்டிருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

பார், லயன், பியூட்லர் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. ஸ்டேட்வில் சிறையில் சிறுநீர் கறுத்துப் படுத்திருந்த கைதிகளின் பெயர்கள் இல்லை. கொலம்பியாவில் கையை நீட்டி இரத்தம் கொடுத்தவர்களின் பெயர்களும் இல்லை. பெண்களின் உடல் எப்படி நெய்யப்பட்டிருக்கிறது என்று உலகம் தெரிந்துகொண்டது அவர்கள் கொடுத்த இரத்தத்தில்தான்.